தேரியில் கூடாரம், கடலில் குளியல், காட்டில் வெளிமான்... தாகத்தை மட்டும் அடக்காதீர்கள்!

ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் நமீபியா என்று ஒரு நாடு. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அங்கே போய்வருவது ஒரு பெரிய ஆசை. ஒரு வழிகாட்டி, ஒரு பெரிய வண்டி, ஆளுக்கொரு கூடாரம். முதலில் நமீப் பாலைவனத்தின் சிவப்பு மணல் மேடுகள், அடுத்து அட்லாண்டிக் கடற்கரை, கடைசியில் எட்டோஷா வனவிலங்குப் பூங்கா. பகலெல்லாம் சுற்றிவிட்டு, ராத்திரி நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டு வருவார்கள். செலவு லட்சக்கணக்கில்!

'அதுக்கெல்லாம் நாம எங்க சார் போறது?' என்று பெருமூச்சு விடாதீர்கள். தூத்துக்குடிக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள், போதும்.

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் ரத்தச் சிவப்பில் மணல். இதைத்தான் தேரி என்கிறோம். குதிரைமொழித் தேரி மட்டுமே சுமார் 12 ஆயிரம் ஏக்கர். நமீப் மணல் ஏன் சிவப்பாக இருக்கிறதோ அதே காரணம்தான் இங்கேயும். மணல் பருக்கைகளின் மேல் இரும்புத் துரு படிந்திருக்கிறது. ஆடிக் காற்றில் இந்த மணல் இடம் மாறும். நேற்றுப் பார்த்த மேடு இன்றைக்கு வேறு உருவத்தில் நிற்கும். கற்கால மனிதன் உபயோகித்த சின்னஞ்சிறு கல் ஆயுதங்கள் இந்தத் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. 1956-ல் ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஆக, இங்கே 'கேம்ப்' அடித்துத் தங்குவது ஒன்றும் புதுசில்லை!

கடலுக்குக் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள், கடல்பசு, கடல்குதிரை. 1986-ல் இதை மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தெற்கே போனால் மணப்பாடு. மணல் குன்றின் மேல் தேவாலயம், கீழே அலையடிக்கிற கடல்.

விலங்குக்கு வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி வரும் நாற்கரச் சாலையில், பஸ்சில் போகிறபோதே ஒரு குன்று தெரியுமே, அதுதான். 1987-ல் ஏற்பட்ட வெளிமான் சரணாலயம் அது. 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழ்கிற தென்கோடி இடம் இதுதான்.

பாலை, கடல், காடு மூன்றும் ஒரே மாவட்டத்தில். இரண்டு ராத்திரி, மூன்று பகலில் சுற்றி வந்துவிடலாம். இப்போது பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு, கூடாரமும் அடுப்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். டி.வி.க்கும் செல்போனுக்கும் மூன்று நாள் லீவு!

கிளம்புவதற்கு முன்னால் சிலர் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். 'தேரியில பாம்பு உண்டா?' 'கடல்ல சுறா வருமா?' 'பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து எழுதிக் குடுங்க' என்பார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட, 'டாக்டர், எங்க வீட்டுப் பெண்கள் ஒண்ணுக்குப் போவதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?' என்று கேட்டதில்லை.

முகம் சுளிக்காதீர்கள். இந்த மாதிரிப் பயணங்களில் மனிதர்களைப் படுக்கையில் தள்ளுவது பாம்பும் சுறாவும் இல்லை. குடிக்காத தண்ணீரும் அடக்கிய சிறுநீரும்தான்.

முத்துக் கரையின் கூடார ஊர்

சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இந்த வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், குளிப்பு நடக்கும் கரையில் ஓலைக் குடிசைகளாலும் கூடாரங்களாலும் ஓர் ஊரே எழும்பும். இலங்கைப் பக்கம் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி. இந்தப் பக்கம் தூத்துக்குடிக் கரை. குளியாட்கள், சம்மாட்டிகள், வியாபாரிகள், தரகர்கள், சோறு விற்பவர்கள் என்று பல்லாயிரம் பேர் சில வாரங்களுக்கு அங்கே கூடுவார்கள். குவித்துப்போட்ட சிப்பி அழுகினால்தான் முத்தைச் சுலபமாக எடுக்கலாம். அந்த நாற்றமும் ஈயும் எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

குளியாள் இடுப்பில் ஒரு பையோடு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போவார். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஜபிக்கிறவர்கூடக் கரையில் இருப்பார். 'கடல்கட்டி' என்று அவருக்குப் பெயர். அவருக்குப் பங்கும் உண்டு. ஆனால், அந்த ஊர் பயந்து நடுங்கியது சுறாவுக்கு இல்லை, காலராவுக்கு. கெட்ட தண்ணீரும், கண்ட இடத்தில் கழித்த மலமும் சேர்ந்தால் மந்திரம் என்ன செய்யும்? காலரா கண்டு, முத்துக்குளிப்பைப் பாதியில் நிறுத்திய வருஷங்களும் உண்டு.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். பின்னால் 1973-ல் இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் முத்தை வளர்த்தே எடுத்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பது மட்டும் இன்றைக்கும் நடக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'பதினான்கு வேகங்கள்' என்று ஒரு பாடம். உடம்பு தானாக வெளியே தள்ளுகிற, அல்லது தானாகக் கேட்கிற பதினான்கு விஷயங்கள். தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் என்று வரிசை போகும். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் இன்னின்ன நோய் வரும் என்று முன்னோர்கள் விவரமாகச் சொல்லிவைத்தார்கள். அந்தப் பட்டியலில் சிறுநீரும் இருக்கிறது, நீர்வேட்கை என்கிற தாகமும் இருக்கிறது. வெளியூர் போகிற நம் பெண்கள் இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் அடக்குகிறார்கள். வெளியே போக இடமில்லை என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை!

நிலத்தைப் பற்றியும் சித்த நூல்கள் பேசுகின்றன. ஐந்து நிலங்களில் மருதமே உடம்புக்கு ரொம்ப நல்லது. பாலையோ வாதம், பித்தம், கபம் மூன்றையும் கலைத்துவிடக்கூடியது. மருதத்திலேயே பிறந்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் வளர்ந்த உடம்பைத் திடீரென்று தேரியில் கொண்டுபோய் நிறுத்தினால் அது திணறத்தானே செய்யும்?

நான்கு குடும்பங்கள் சேர்ந்து போன ஒரு மாசி மாதப் பயணத்தில் நானும் இருந்தேன். இரண்டாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். தேரியில் நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆச்சி, அறுபத்தைந்து வயது இருக்கும், 'கண்ணு இருட்டுது' என்று அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு வறண்டு, நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வழிகாட்டியாக வந்தவர் அந்தக் காலத்தில் பனை ஏறியவர். அவரும் ஆச்சியின் மகனுமாகத் தூக்கிவந்து பனைமரத்து நிழலில் படுக்க வைத்தார்கள்.

'ஆச்சி, காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?'

'ஒரு காப்பி குடிச்சேன் டாக்டர்.'

'தண்ணி?'

ஆச்சி மருமகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: 'தண்ணியக் குடிச்சிட்டு எங்க போவ? ஆம்பளையாளுவ ஒரு மரத்துப் பக்கம் போயிருதாவ. எங்களுக்கு இந்த வெட்டவெளியில என்ன இருக்கு?'

காலையில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டிருந்தார். அந்த மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கிற மருந்தும் சேர்ந்திருந்தது. ஒரு பக்கம் மருந்து நீரை வெளியேற்றுகிறது, இன்னொரு பக்கம் வியர்வை. உள்ளே போவதோ ஒரு டம்ளர் காப்பி. ரத்த அழுத்தம் சரியாமல் என்ன செய்யும்?

கால்களைச் சற்று உயர்த்தி வைத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுத்தோம். கொஞ்சம் தெளிந்ததும் வேனில் ஏற்றித் திருச்செந்தூருக்கு அனுப்பி, ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத்தான் கூட்டி வந்தார்கள். அதற்குள் இங்கே அவருடைய மருமகள் ஒரு காரியம் செய்தார். வழிகாட்டியிடம் நாலு கம்பு கேட்டு வாங்கினார். இரண்டு பழைய சேலையை எடுத்தார். ஆளுயரத்துக்கு ஒரு மறைப்பு தயார்! உள்ளே ஒரு குழி, பக்கத்தில் மணல் குவியல், ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. அன்று மத்தியானத்திலிருந்து எல்லாப் பெண்களும் தண்ணீர் குடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை!

அதனால்தான் சொல்கிறேன். கூடாரம் வாங்கும்போதே கழிப்பிடத்துக்கென்று ஒரு சின்னக் கூடாரமும் வாங்குங்கள். கடைகளில் கிடைக்கிறது. இல்லையென்றால் சேலை இருக்கவே இருக்கிறது. ஒரு மண்வெட்டி கட்டாயம். குழி ஓரடி ஆழமாவது வேண்டும். கிணறு, சுனை, ஓடை பக்கத்தில் தோண்டாதீர்கள். போனபின் மணலைத் தள்ளி மூடிவிடுங்கள். மாதவிலக்கு நாப்கினை மட்டும் புதைக்காமல், காகிதத்தில் சுற்றித் தனிப் பையில் போட்டு ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், 'இடம் இருக்கு, பயப்படாதே' என்று அம்மாவே முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

வெயிலில் நடக்கிற பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் குடிக்கவே வேண்டியிருக்கும். பத்துப் பேர் போனால் குடிக்க மட்டும் 20 லிட்டர் கேன் இரண்டு. கழுவ, துலக்க, சமைக்க என்று தனியே ஒரு டிரம். தேரிக்குள் கடை கிடையாது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் சுனை உண்டு. மழைத்தண்ணீரை மணல் குடித்துவைத்துக்கொண்டு தாழ்ந்த இடத்தில் கசியவிடுகிற அதிசயம் அது. பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். குடிப்பதற்கு மட்டும் நீங்கள் கொண்டுபோன தண்ணீர்தான். தேற்றான்கொட்டையை உரைத்துப் போட்டால் கலங்கல் தெளியும், உண்மைதான். ஆனால் தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. கொதிக்கவைத்தால்தான் கிருமி சாகும்.

தாகம் எடுத்தபிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துவிடும். குழந்தைகளோ விளையாட்டில் மறந்துவிடுவார்கள். அரை மணிக்கொரு தடவை நான்கு வாய். இதயம், சிறுநீரகம் பழுதுபட்டு, தண்ணீரை அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும், தங்கள் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்துகொள்ளுங்கள்.

போதுமான அளவு குடித்தோமா என்பதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். சிறுநீரைப் பாருங்கள்! சித்த வைத்தியத்தில் 'நீர்க்குறி' என்பது ஒரு பெரிய பரீட்சை. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்த்து நோயைக் கணிப்பார்கள். அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்ப்பது 'நெய்க்குறி'. எண்ணெய் பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வட்டமாகப் படர்ந்தால் பித்தம், முத்து மாதிரி அப்படியே நின்றால் கபம். முத்துக் கரைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னேன், நீங்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்ப வேண்டாம்! உங்களுக்கு நிறம் ஒன்று போதும். வைக்கோல் தண்ணீர் மாதிரி வெளுத்து இருந்தால் சரி. பால் சேர்க்காத டீ மாதிரி இருந்தால் உடனே தண்ணீர் குடியுங்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை சிறுநீரே வரவில்லை என்றால் நடையை நிறுத்திவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள்.

வெறும் தண்ணீரோடு உப்பும் கொஞ்சம் போக வேண்டும். நீர்மோர் ரொம்ப நல்லது. சுக்கு, கறிவேப்பிலை, உப்புப் போட்ட மோருக்கு ஈடில்லை. நன்னாரி சர்பத், எலுமிச்சம்பழச் சாறு, வெள்ளரிப் பிஞ்சு. வாந்தி, பேதி, மயக்கம் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். கும்பாச்சியாகப் போட்டால் உப்புக் கூடிவிடும், குழந்தைக்கு ஆபத்து. கடைப் பொட்டலம் என்றால் எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருப்பார்கள், படியுங்கள்.

தேரிக்குப் போய்விட்டுப் பதநீர் குடிக்காமல் வந்தால் எப்படி? பங்குனி, சித்திரையில் போகிறவர்களுக்கு யோகம். விடியற்காலையில் இறக்கியதை அப்போதே குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் புளித்துப்போகும். உடம்புச் சூடு தணியும், நீர்க்கடுப்பும் குறையும். சர்க்கரை நோயாளிகள் 'இயற்கைதானே' என்று சொம்பு சொம்பாகக் குடிக்காதீர்கள், அது இனிப்புதான்! நுங்கு இரண்டு சாப்பிடலாம். உடன்குடிக் கருப்பட்டிக்கும் இதே கதைதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்காக அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாமல் விட்டுவிடாது.

வெயில் தாக்கினால்...

தலைவலி, குமட்டல், கால் சதை இழுப்பு, கிறுகிறுப்பு. இவை முதல் எச்சரிக்கை. நிழல், ஈரத்துணி, விசிறி, கரைசல். அரை மணியில் தெளிந்துவிடும். ஆனால் உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் யார் எவர் என்று தெரியாமல் உளறினால் அது வேறு. உடம்புச் சூடு 104 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே, 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கஷாயம், சூரணம், எதுவும் அப்போது வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

பாம்புக்கும் இதேதான். தேரி மணலில் சுருட்டை விரியன் உண்டு. ராத்திரி டார்ச் இல்லாமல், ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். பச்சிலை தேடி ஓடாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி விஷமுறிவு ஊசி இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். வழியில் வைத்தியர் வீட்டில் நிறுத்துகிற அரைமணி நேரம்தான் பலபேர் உயிரைக் குடித்திருக்கிறது.

'தேரியில செருப்பக் கழட்டிராதீங்க அண்ணாச்சி, உடைமுள்ளு ஏறிரும்' என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொன்னார். ரப்பர் செருப்பையும் அது துளைக்கும். நல்ல ஷூதான் சரி.

கடலில் இறங்கினால்

கடலில் குளிக்கும்போது அடிக்கடி சிறுநீர் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது கை கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. 'ரத்தம் கூடிவிட்டது' என்று உடம்பு தப்பாக நினைத்துக்கொண்டு, நீரை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. ஆக, தண்ணீரிலேயே இருந்தாலும் தண்ணீர் குறைகிறது. குளிப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டம்ளர் நல்ல தண்ணீர் குடியுங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பிள்ளைகள் இரண்டு மூன்று வாய் விழுங்கிவிட்டால் அந்த உப்பை வெளியே தள்ளுவதற்கும் தண்ணீர் வேண்டுமே!

குளித்து முடித்ததும் நனைந்த உடையோடு வேனில் உட்கார்ந்து வருவது பெண்களுக்கு நல்லதல்ல. உப்பும் ஈரமும் சேர்ந்தால் தொடையிடுக்கில் புண், அரிப்பு, பிறகு நீர்க்கடுப்பு. நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பருத்தி உடை போட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன் பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை முக்கிவைத்தால் கடுப்பு தணியும். பிறகு டாக்டர்.

தீவுகளில் இறங்க வனத்துறை அனுமதிப்பதில்லை. பவளப்பாறையைப் பார்க்க ஆசையென்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறையே கண்ணாடித் தளப் படகு விடுகிறது. கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் 'பற்பம் செய்யலாமே' என்று எடுத்துவந்து என்னிடம் நீட்டியவர்கள் உண்டு. பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் புலி, யானை மாதிரிச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. வைத்திருந்தாலே குற்றம். தவிர, சுத்தி செய்து புடம் போடத் தெரியாதவர் கையில் அது மருந்தே ஆகாது.

மான்களின் நேரம்

வல்லநாட்டில் வெளிமானைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். வெயில் ஏறினால் அவை முள்மர நிழலுக்குப் போய்விடும். சாயங்காலம்தான் மறுபடி வெளியே வரும். உங்கள் நடையையும் அதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை மணியிலிருந்து நாலு மணி வரை நிழல். ஆண் மான் கறுப்பும் வெள்ளையுமாக, திருகிய கொம்போடு நிற்கிற அழகைப் பார்த்தால் பேச்சே வராது. சரணாலயத்துக்குள் ராத்திரி தங்க முடியாது. முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தேரியிலும் பெரும்பகுதி வனத்துறைக்குச் சொந்தம். கூடாரத்தை யாருடைய பனைவிளையிலாவது, உரியவரைக் கேட்டு அடிப்பதுதான் சரி. கிணறும் பக்கத்தில் இருக்கும்.

போக நல்ல மாதம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தக் கரையை நம்ப முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

வழியில் இன்னொன்றும் பார்ப்பீர்கள். தூத்துக்குடியைச் சுற்றி வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். வேனை நிறுத்தி போட்டோ எடுக்காத ஆள் இல்லை. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கூசும். அந்தக் கூச்சத்திலும் சூட்டிலும் நின்று உப்பு வாருகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள். ஆச்சி மூன்று நாளைக்குச் செய்ததை அவர்கள் வருஷம் பூராவும் செய்கிறார்கள். மறைவிடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, கல்லடைப்பு என்று என்னிடம் வந்த உப்பளப் பெண்கள் பலர். மருந்து கொடுத்து அனுப்புவேன், மறுமாதம் அதே கடுப்போடு வருவார்கள். உப்பளத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இருந்தால் என் மருந்தில் பாதிக்கு வேலையே இருக்காது. அதைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர்கள் முதலாளிகள். உப்பு வாங்குகிற நாமும் கொஞ்சம் கேட்கலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு

திரும்பி வந்த ஒரு வாரம் உடம்பைக் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வு, அடிவயிற்றில் வலி இருந்தால் அது நீர்ப்பாதைத் தொற்று. லேசான எரிச்சலுக்கு நெருஞ்சில் குடிநீர், பார்லிக் கஞ்சி, நிறையத் தண்ணீர் உதவும். இரண்டு நாளில் குறையாவிட்டால் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புறம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம், இதில் எது வந்தாலும் இரண்டு நாள் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் லேசான எரிச்சலுக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

சர்க்கரைக்கு இப்போது ஒருவகை மாத்திரை வந்திருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். நல்ல மருந்துதான். ஆனால் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் அலைந்தால் உடம்பு வறண்டுபோகும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். இந்த மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எழுதிக்கொடுத்த டாக்டரிடம், 'இப்படி வெயிலில் மூன்று நாள் போகிறேன்' என்று சொல்லிக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் குறைக்கவும் வேண்டாம். இன்சுலினை வேனின் முன்கண்ணாடிப் பக்கம் வைக்காமல், ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் வைத்து நிழலில் கொண்டுபோங்கள்.

ஆச்சி இந்த வருஷமும் போகிறாராம். சேலை மறைப்புக்கென்று நாலு கம்பைத் தனியே எடுத்து வைத்திருப்பதாக அவருடைய மருமகள் சொன்னார்.